‘சற்றுத் தூக்கித் தள்ளுங்கள், திறக்கும்’: கல்விக்கூடக் கதவுகள் குறித்து ஒரு விவாத இழை

வாசகர் கேள்வி, 6 மே 2024

எங்கள் கல்லூரிக் கட்டடத்தின் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. மொத்தம் 64 கதவுகள். பாதிக்கு மேல் தரையைத் தேய்க்கின்றன. சில கதவுகளைச் சாத்தினாலும் தாழ் விழுவதில்லை. டோர் குளோசர் (கதவைத் தானாக மூடும் கருவி) பொருத்திய கதவுகள் ஒன்று இடி விழுந்தாற்போல் அறைகின்றன, அல்லது பாதி வழியில் நின்றுவிடுகின்றன. ஒவ்வொன்றாகப் பழுது பார்த்துக்கொண்டிருப்பதைவிட, விடுமுறையில் அத்தனையையும் ஒரேயடியாக மாற்றிவிடுவதே சிக்கனம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

6 மே, மாலை

மறுக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறைக் கதவுகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தரையைத் தேய்க்கும் கதவுகளில் பெரும்பாலானவற்றில் பலகைக்கு எந்தக் குறையும் இருக்காது. மேல் கீலின் திருகாணிகள் மரத்தில் பிடிமானத்தை இழந்திருக்கும். கதவு தலைசாய்ந்து, கைப்பிடிப் பக்கத்துக் கீழ்மூலை தரையைத் தொட்டிருக்கும்.

எப்போதும் மேல் கீலே தளர்வதற்குக் காரணம் இருக்கிறது. 45 கிலோ எடையும் 900 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கதவின் எடை, கீல்களிலிருந்து 450 மில்லிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 1.6 மீட்டர் இருந்தால், மேல் கீலை நிலைச்சட்டத்திலிருந்து பிடுங்கப் பார்க்கும் விசை 12.5 கிலோ எடைக்குச் சற்று மேல் இருக்கும். கீழ்க் கீலோ அதே விசையால் நிலையோடு சேர்த்து அழுத்தப்படுவதால் அசையாமல் இருக்கிறது. 30 கிலோ எடையுள்ள ஒரு சிறுவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஊஞ்சலாடினால் மேல் கீலின் சுமையில் இன்னும் 16 கிலோ கூடும். ஊஞ்சலாடாத சிறுவனை நான் இதுவரை பார்த்ததில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கதவின் அடியில் ஆப்புச் செருகி எடையைத் தாங்கிக்கொண்டு, மேல் கீலைக் கழற்றி, அகன்றுபோன துளைகளைச் சீராகத் துளையிட்டு, கெட்டி மரத்தில் செய்த முளைகளைப் பசை தடவி அடித்து இறக்கி, நன்றாகக் காய்ந்த பிறகு புதிதாகச் சிறுதுளையிட்டு, முன்பிருந்ததைவிட நீளமான திருகாணிகளை ஏற்ற வேண்டும். தீக்குச்சிகளைச் செருகித் திருகாணியை முடுக்கும் வைத்தியத்தையும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். ஆறு மாதத்தில் அதே கதவின் முன்னால் மீண்டும் மண்டியிட்டேன்.

6 மே, இரவு

விட்டுப்போன ஒன்று. தரையைத் தேய்க்கிறது என்பதற்காகக் கதவின் அடியை இழைப்புளி கொண்டு சீவாதீர்கள். கீலைச் சரிசெய்ததும் கதவு மேலே எழும்பும். சீவிய இடத்தில் எலி நுழையும் அளவுக்கு இடைவெளி நிற்கும்.

8 மே

சாத்தினாலும் தாழ் விழாத கதவுகளைப் பற்றி. இந்த நோயைக் கண்டறியும் கருவி ஒவ்வொரு வகுப்பறையிலும் கிடைக்கும், அது சாக்கட்டி. பூட்டின் நாக்கில் சாக்கட்டியை நன்றாகத் தேய்த்து, கதவை மெதுவாகச் சாத்தித் திறந்து, நிலையில் பதித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். சென்ற வாரம் நான் பார்த்த கதவில் வெள்ளைத் தடம், தகட்டின் துளைக்குச் சரியாக இரண்டு மில்லிமீட்டர் கீழே, ஒரு பிறைக்கோடு போல விழுந்திருந்தது. அதே இடத்தில் அதற்கு முன்பே யாரோ அரத்தால் ராவிய கீறல்களும் இருந்தன. கதவு இறங்க இறங்க, துளையைக் கீழ்நோக்கி அகலப்படுத்திக்கொண்டே போயிருக்கிறார்கள். தடம் கீழே விழுந்தால் கதவு இறங்கியிருக்கிறது, மேல் கீலுக்குப் போங்கள். உயரம் சரியாக இருந்தும் நாக்கு தகட்டின் விளிம்பிலேயே தங்கிவிட்டால், கதவு நிலையில் முழுமையாக அமரவில்லை. அங்கே நெளிந்த பலகையையோ, அடுக்கடுக்காக ஏறிய பெயிண்டையோ தேடுங்கள். அரத்தை எடுப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.

ஈரக்காற்றுக் காலத்தில் மட்டும் இறுகும் கதவு வேறு வகை. மரம் நார்களின் குறுக்கே ஊதிச் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. ஆகவே அகலந்தான் கூடும். அப்போது பக்கவாட்டில் சீவிவிட்டால் வறண்ட காலத்தில் கதவு நிலைக்குள் ஆடும். இத்தகைய கதவின் மேல்விளிம்பைக் கைப்பேசிக் கேமராவால் எட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற நான்கு முகங்களுக்கும் மூன்று பூச்சுப் பெயிண்ட் அடித்தவர்கள், கண்ணுக்குத் தெரியாத மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பூச்சில்லாத வெறும் மரமாக விட்டிருப்பார்கள். ஈரம் ஏறும் வழி அதுதான்.

11 மே

டோர் குளோசர். இதன் உடலுக்குள் ஒரு சுருள்வில்லும் எண்ணெயும் இருக்கின்றன. திறக்கும்போது வில் இறுகுகிறது. விடும்போது அது கதவை மூடப் பார்க்கிறது. எண்ணெய் சிறு வழிகளில் கசிந்து நகர வேண்டியிருப்பதால் வேகம் மட்டுப்படுகிறது. பெரும்பாலானவற்றில் குறைந்தது இரண்டு சரிசெய் திருகுகள் இருக்கும். ஒன்று பெரும்பகுதி வழிக்கான வேகத்தையும், மற்றொன்று கடைசி ஒரு சாண் தூரத்தில் தாழ் விழுவதற்கான வேகத்தையும் ஆள்கின்றன. கதவு அறைவதும் பாதியில் நிற்பதும் பல நேரங்களில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதன் விளைவே. முதலில் ஒன்றைத் தொடுங்கள், கால் சுற்றுத் திருப்புங்கள், கதவை ஐந்தாறு முறை விட்டுப் பாருங்கள், பிறகு மற்றொன்றுக்குப் போங்கள். குளிரில் எண்ணெய் கெட்டியாகிக் கதவு மந்தமாகும் என்பதால், பருவம் மாறும்போது ஒரு முறை மீண்டும் பார்க்க வேண்டும்.

உடலிலிருந்து எண்ணெய் வழிந்து கதவில் கறுப்புக் கோடு இறங்கியிருந்தால் திருகைத் தொட வேண்டியதில்லை. குளோசரை மாற்றுங்கள். எண்ணெய் ஊற்றி அதை உயிர்ப்பிக்க முடியாது.

எத்தனை ஆண்டு உழைக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐரோப்பியத் தரமான ஈ.என். 1154, குளோசரை ஐந்து லட்சம் முறை திறந்து மூடிச் சோதிக்கக் கேட்கிறது. ஒரு வகுப்பறைக் கதவு நாளுக்கு 200 முறை, ஆண்டுக்கு 200 நாள் என்று கணக்கிட்டால் 40,000 முறை. ஐந்து லட்சத்தைத் தொடப் பன்னிரண்டரை ஆண்டுகள். கழிப்பறை வாசல் கதவுக்கும் மாடிப்படிக் கதவுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அவை அதில் பாதிக் காலத்திலேயே முதுமை எய்திவிடும்.

12 மே

நேற்று ‘கால் சுற்று’ என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பல குளோசர்களுக்கு அது மிகை. அரைக்கால் சுற்றிலிருந்து தொடங்குங்கள். திருகு மேற்கொண்டு வெளியே வந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் பீய்ச்சியடிக்கும். இதை நான் எந்தக் கையேட்டிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஏணியின் மேல் நின்றபடி, வெள்ளைச் சட்டையில், ஆய்வுக் குழு ஒன்று நடைவழியில் வந்துகொண்டிருந்தபோது தெரிந்துகொண்டேன்.

15 மே

ஆப்புகள். குளோசர் பொருத்திய கதவுகளை நாற்காலி, செங்கல், தீயணைப்புக் குப்பி, மடித்த விடைத்தாள் ஆகியவற்றைக் கொண்டு திறந்தே நிறுத்தி வைப்பவர்களை என்ன செய்வது? ஒரு கட்டடத்தில் நான் மாலைதோறும் ஆப்புகளைப் பொறுக்கிச் சேர்த்தேன்; பெட்டி நிறைந்தது; மறுநாள் காலையில் புதிய ஆப்புகள் முளைத்திருந்தன.

இது வேடிக்கையாகத் தெரிந்தாலும் மாடிப்படிக் கதவில் வேடிக்கை இல்லை. சிகாகோவில் 1958 டிசம்பர் 1 அன்று ‘அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்’ என்ற பள்ளியில் தீப்பிடித்தபோது 92 மாணவர்களும் மூன்று கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். தீ மாடிப்படியின் அடித்தளத்தில் தொடங்கியது. அதற்கு நேர் மேலே இருந்த தளத்தில் படிக்கட்டுக்கும் நடைவழிக்கும் இடையே கனத்த கதவு ஒன்று இருந்தது, மூடியும் இருந்தது. புகை அங்கே நுழையாமல் மேலேறியது. அதற்கு அடுத்த தளத்தில் அப்படிக் கதவே இல்லை. புகையும் வெப்பமும் நேராக நடைவழிக்குள் பாய்ந்தன. ஒரே படிக்கட்டு, ஒரே தீ. ஒரு தளத்தில் கதவு இருந்தது, மற்றதில் இல்லை.

தீயும் புகையும் பரவாமல் தடுக்கும் தீக்கதவுகளுக்கான அமெரிக்க நெறியான என்.எஃப்.பி.ஏ. 80, மரக் கதவின் பக்கங்களிலும் மேற்புறத்திலும் சுமார் 3 மில்லிமீட்டருக்கும், அடியில் 19 மில்லிமீட்டருக்கும் மேல் இடைவெளி கூடாது என்கிறது. ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு கதவையும் பார்த்துப் பதிவு செய்யவும் சொல்கிறது. இடைவெளி குறைவாக இருந்தால் மட்டுமே, விளிம்பில் பதித்திருக்கும் வெப்பத்தில் உப்பும் பட்டை அதை அடைக்க முடியும். கதவையே திறந்து வைத்துவிட்டால் அந்தப் பட்டைக்கு உப்புவதைத் தவிர வேறு வேலையில்லை.

19 மே

ஆப்பு விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. பெட்டி நிறைய ஆப்பு சேர்த்த அந்தக் கட்டடத்தில் ஒரு மாலை, தராசு ஒன்றைக் கைப்பிடியில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளர் அணுகல் விதிகள், தீக்கதவு அல்லாத உட்புறக் கதவைத் திறக்கும் விசை 22.2 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்கின்றன. அதாவது ஏறத்தாழ இரண்டேகால் கிலோ. என் தராசு ஆறு கிலோவைத் தாண்டியது. அகலம் குறைந்த சாதாரண வகுப்பறைக் கதவுக்குப் பெருங்கதவுக்கான குளோசரைப் பொருத்தி, வில்லையும் முழுதாக முடுக்கி வைத்திருந்தார்கள். கையெட்டாமல் கதவின் நடுவில் தள்ளும் சிறு பிள்ளைக்கு அது பன்னிரண்டு கிலோவாகிவிடும். குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு வரும் ஆசிரியர் அங்கே ஆப்புச் செருகாமல் வேறென்ன செய்வார்?

அந்த ஆப்புகள் ஒவ்வொன்றும் எனக்கு எழுதப்பட்ட ஒரு புகார். நான் அவற்றைப் படிக்காமல் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். வில்லைத் தளர்த்திய பிறகு முக்கால்வாசி ஆப்புகள் தாமாகவே மறைந்தன. ஆனால் வில்லைத் தளர்த்தும்போது கதவு தன் வலிமையில் முழுமையாக மூடித் தாழ் விழுகிறதா என்று பார்த்தே தளர்த்த வேண்டும். தீக்கதவாக இருந்தால் அதற்கென்று உள்ள வலிமைக்குக் கீழே இறக்கவே கூடாது, ஈ.என். 1154 வரிசையில் அது அளவு 3. நாள் முழுவதும் ஆட்கள் போய் வரும் இடங்களில் இதற்கும் ஒரு வழி உண்டு. சுவரில் மின்காந்தப் பிடிப்பான் பொருத்தினால் அது கதவைத் திறந்தே வைத்திருக்கும். தீ எச்சரிக்கை ஒலித்தாலோ மின்சாரம் போனாலோ தானே விட்டுவிடும்.

23 மே

பேச்சு வெளிவாசல் கதவுகள் பக்கம் போயிருக்கிறது. கூட்டம் தள்ளும்போது திறக்கும் பேனிக் பார் ஏன் பள்ளிக்கு வேண்டும் என்று கேட்கிறார்கள். 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் விக்டோரியா ஹால் என்ற அரங்கில், மேடையில் பரிசு கொடுக்கிறார்கள் என்று மேல்மாடத்துப் பிள்ளைகள் படிகளில் ஓடி இறங்கினார்கள். கீழே இருந்த கதவு உட்பக்கமாகத் திறப்பது. ஒருவர் மட்டுமே நுழையும் இடைவெளி விட்டு அது தாழிடப்பட்டிருந்தது. 183 பிள்ளைகள் நசுங்கி இறந்தார்கள். தீயும் இல்லை, புகையும் இல்லை. 1892-இல் ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ், உள்ளிருந்து அழுத்தினால் விடுபடும் தாழுக்குக் காப்புரிமை பெற்றார்.

இன்றைய ஐரோப்பியத் தரம் ஈ.என். 1125, கதவின் மீது 1,000 நியூட்டன் அழுத்தம் இருக்கும்போதும் தண்டை 220 நியூட்டனுக்குள் அழுத்தினாலே தாழ் விடுபட வேண்டும் என்கிறது. சாதாரணக் கைப்பிடிப் பூட்டு இங்குதான் தோற்கிறது: பின்னாலிருந்து கூட்டம் தள்ளும்போது நாக்கு தகட்டில் இறுகிக்கொள்ளும்.

அதேபோல் 1908 மார்ச் 4 அன்று கிளீவ்லாந்துக்கு அருகே காலின்வுட் பள்ளித் தீயில் 172 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் காப்பாற்றப் போன ஒருவரும் இறந்ததற்குக் காரணமும் கதவு உட்பக்கமாகத் திறந்ததே.

24 மே

நேற்றைய கடைசி வரி தவறு, அதை அழிக்காமல் திருத்துகிறேன். காலின்வுட் கதவுகள் உட்பக்கமாகத் திறந்தன என்பது அன்றே பரவிய பேச்சு. விசாரணையில் அவை வெளிப்பக்கமாகத் திறப்பவை என்று தெரிந்தது. வாசலுக்கு உட்புறம் இருந்த தடுப்புகள் வழியைக் குறுக்கியிருந்தன. ஓடி வந்த பிள்ளைகள் அந்தக் குறுகலில் விழுந்து ஒருவர்மேல் ஒருவராக அடைத்துக்கொண்டார்கள்.

திருத்தம் எழுதும்போது எனக்கே ஒரு சங்கடம் வந்தது. வெளிப்பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்து நான் ‘சரி’ எனக் குறித்த வாசல்கள் பல. அவற்றில் இரட்டைக் கதவுகளில் ஒரு பக்கக் கதவை மேலும் கீழும் டவர் போல்ட் போட்டு நிரந்தரமாக நிறுத்தியிருப்பார்கள். மேல் தாழ் பெரியவருக்கே எட்டாது, கீழ்த் தாழ் துருவேறித் தரையோடு ஒட்டியிருக்கும். 1.8 மீட்டர் வாசல் என்று ஏட்டில் எழுதியிருப்பது உண்மையில் 0.9 மீட்டர். அளவு நாடாவை அகலமான இடத்தில் வைக்கக் கூடாது, மிகக் குறுகலான இடத்தில் வைக்க வேண்டும்.

28 மே

பூட்டு. வகுப்பறைப் பூட்டுக்கு நான் கேட்பது ஒன்றே: வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தாலும், உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல், ஒரே அசைவில், கைப்பிடியைக் கீழே அழுத்தி வெளியேற முடிய வேண்டும். உருண்டைக் குமிழைவிட நீட்டுக் கைப்பிடி நல்லது. கையில் வலுவில்லாதவர் முழங்கையாலும் திறக்கலாம். பாதுகாப்பு என்ற பெயரில் மேலதிகமாகப் பொருத்தும் கொக்கியும் சங்கிலியும் தீயின்போது எதிராக நிற்கும். சாவித் துவாரத்தில் சமையல் எண்ணெய் விடாதீர்கள். தூசியைப் பிடித்துக்கொண்டு சில மாதங்களில் பிசினாகிவிடும். கிராஃபைட் தூள் போதும்.

பூட்டைப் பற்றிப் பேசும்போது 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டியில் ராப் தொடக்கப் பள்ளியில் நடந்ததைத் தவிர்க்க முடியாது. 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். மாநிலச் சட்டமன்றக் குழு அந்த ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், 111ஆம் அறையின் பூட்டு சரியாகப் பிடிப்பதில்லை என்பது பள்ளியில் பலருக்கும் தெரிந்திருந்தது என்றும், அதைச் சரிசெய்யக் கோரும் எழுத்து விண்ணப்பம் எதுவும் போகவில்லை என்றும் கூறப்பட்டுள்ளது. அந்தப் பூட்டுகளை வெளிப்பக்கமிருந்து சாவி போட்டே பூட்ட முடியும். அன்று அங்கே நிகழ்ந்த தவறுகள் பல. கதவு ஒன்றைக் கொண்டு அனைத்தையும் விளக்க முடியாது. ஆனாலும் அந்த ஒரு வரியை நான் பலமுறை திரும்பப் படித்தேன்.

ஏனென்றால் நான் போகும் ஒவ்வொரு கட்டடத்திலும் அப்படி ஒரு கதவு இருக்கிறது. ‘சற்றுத் தூக்கித் தள்ளுங்கள், திறக்கும்’ என்று புதிதாக வருபவருக்குக் கனிவோடு கற்றுக்கொடுக்கிறார்கள். கையில் பழக்கம் ஏறியதும் பழுது கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆகவே நான் இப்போது ‘கதவு கெட்டிருக்கிறதா’ என்று கேட்பதில்லை, ‘ஆமாம், கெட்டிருக்கிறது’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘இந்தக் கதவைத் திறக்க ஏதாவது சூட்சுமம் உண்டா’ என்று கேட்கிறேன். உடனே எழுந்து வந்து செய்தே காட்டுகிறார்கள்.

2 ஜூன்

கேள்வி கேட்டவர், ‘அப்படியானால் எதைத்தான் மாற்றுவது’ என்று சலித்துக்கொண்டார். நியாயமான சலிப்பு.

தரை கழுவும் நீர் ஏறி அடிப்புறப் பிளைவுட் அடுக்குகள் புத்தகம் போல் விரிந்த கதவு, கீல் பக்கச் சட்டம் உளுத்த கதவு, தாழ் விழ முடியாத அளவுக்கு முறுக்கிக்கொண்ட கதவு, பழைய பூட்டுகளின் குழிகளால் சல்லடையான தீக்கதவு ஆகியவற்றை மாற்றுங்கள். நிலைச்சட்டமே சுவரில் ஆடினால் கதவை மாற்றிப் பயனில்லை. மிகப் பழைய தீக்கதவுகளுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் பலகை இருக்கக்கூடும். சோதித்துத் தெரிந்துகொள்ளாமல் துளையிடாதீர்கள்.

நிலையின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து, சிறிய அளவைக் கொள்ளுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் நிலை கோணலா என்பது தெரிந்துவிடும். பூட்டை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் கதவு விளிம்பிலிருந்து சாவித் துவாரத்தின் நடுவரை உள்ள தூரமே உங்கள் தலைவிதி. 60 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் 70 வந்து சேர்ந்தால் பழைய துளையும் புதிய துளையும் சேர்ந்து எட்டு வடிவத்தில் ஓட்டையாகும்.

எந்தக் கைக் கதவு என்பதை ‘இடது’, ‘வலது’ என்று ஒருபோதும் எழுதிக் கொடுக்காதீர்கள். நான் ‘இடது’ என்று எழுதிக் கொடுத்தேன். நான் நின்றது அறைக்கு உள்ளே, படித்தவர் நின்றது வெளியே. பூட்டுக் குழியும் கீல் வெட்டும் முடிந்த பன்னிரண்டு கதவுகள் கண்ணாடியில் தெரியும் உருவம்போல வந்து இறங்கின. அன்றிலிருந்து மேலிருந்து பார்க்கும் படம் ஒன்றை வரைந்து, கீலுக்கு ஒரு புள்ளியும் திறக்கும் திசைக்கு ஒரு வளைகோடும் போட்டுக் கொடுக்கிறேன்.

9 ஜூன்

கேட்டவர் 64 கதவுகளையும் சாக்கட்டியும் தராசும் கொண்டு சுற்றி வந்து பட்டியலை அனுப்பியிருக்கிறார். மாற்ற வேண்டியவை 9. குளோசர் மட்டும் மாற்ற வேண்டியவை 7. கீலும் தகடும் சரிசெய்ய வேண்டியவை 31. மீதமுள்ள 17 கதவுகளுக்கு ஒன்றும் இல்லை. ‘சூட்சுமம் உண்டா’ என்ற கேள்விக்கு ஒருவர், கைப்பிடியை மேல்நோக்கி இழுத்து இடக்காலால் அடியில் ஒரு உதை கொடுத்துக் காட்டினாராம். கதவின் அடியில் காலணித் தடம் பள்ளமாகவே விழுந்திருந்ததாம்.

அதைப் படித்துவிட்டு என் கருவி அறைக்குப் போனேன். கதவைத் தோளால் சற்று முட்டி, சாவியைக் கால்வாசி பின்னுக்கு இழுத்துத் திருப்பித் திறந்தேன். உள்ளே போய் விளக்கைப் போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. நாக்கில் சாக்கட்டி தேய்த்துப் பார்த்தேன்: தடம் மூன்று மில்லிமீட்டர் கீழே.